முதல் பானை – 9: காலிச் சீசா

கேழ்வரகுப் பானைக்குள் அந்தச் சீசாவைக் கண்டது போன புதன்கிழமை. பழுப்புச் சீசா. தானியத்துக்குள் கழுத்துவரை புதைந்திருந்தது. உள்ளே பாதிக்குக் கொஞ்சம் குறைவாக வெள்ளை மாத்திரைகள்.

மருந்தை மாடத்தில் வைப்பார்கள். தலைமாட்டில் வைப்பார்கள். தானியத்துக்குள் யாரும் புதைப்பதில்லை.

அம்மாவைக் கேட்கவில்லை. இருந்தபடியே மூடி வைத்தேன். செல்லி இறந்து பதினோரு மாதம். மனைவி போன பிறகு நான் கேள்வி கேட்பதை விட்டிருந்தேன். சந்தேகப்படுவதை மட்டும் விடவில்லை.

சந்தேகத்துக்குக் காரணம் இருந்தது. இரண்டு மாதமாக அம்மா வெள்ளிக்கிழமைகளில் தருமபுரி போய்வந்தாள். புளி விற்கப் போவதாகச் சொன்னாள். ஒருநாள் கூடையைத் தூக்கிப் பார்த்தேன். புளி இல்லை. ஆனி மாதத்தில் ஒரு வாரம் முழுக்க, விடியும் நேரத்தில் மாட்டுக்கொட்டகைக்குப் பின்னால் வாந்தி எடுத்தாள். எடுத்துவிட்டு, யாராவது பார்க்கிறார்களா என்று சுற்றிலும் பார்த்தாள்.

அண்ணி பார்த்திருந்தாள்.

"அத்தைக்கு நாப்பத்தொம்பது வயசு. மாமா தங்கவயலுக்குத் திரும்பிப் போயி மாசம் எத்தனை ஆவுது? நான் ஒண்ணும் சொல்லலீங்க, கொழுந்தனாரே" என்றாள் அன்று.

அப்பா ராஜப்பன் கோலார் தங்கவயலில் சுரங்க வேலை பார்க்கிறார். தைப் பொங்கலுக்கு வந்து போனவர். இப்போது ஆடி.

இன்று செவ்வாய்க்கிழமை. எங்கள் ஊர்ப் பட்டாளம்மனுக்குப் பொங்கல். முதல் பானை எங்கள் வீட்டுடையது. அது பொங்கி வழியும்வரை ஊரில் வேறு எந்த வீடும் கோயில் முன்னால் அடுப்பு மூட்டாது.

அந்தப் பானையை எல்லாப் பெண்களும் வைத்துவிட முடியாது. தூரம், அதாவது மாதவிலக்கு, முழுக்க நின்றுபோன பெண்தான் வைக்க வேண்டும். அப்பாவின் பெரியம்மா இருந்தவரை அவள் வைத்தாள். அவள் இறந்த வருஷமே அம்மாவுக்கு நின்றது. அம்மன் செயல் என்றார்கள். இரண்டு வருஷம் அம்மா வைத்தாள். எங்கள் வீட்டில் வைக்க ஆள் இல்லாத வருஷம் பானை மேல்வூட்டுப் பங்காளிகளுக்குப் போய்விடும். போனால் திரும்பாது.

மேல்வூட்டுச் சின்னக்கா அதற்காகக் காத்திருந்தாள். எதிரில் வரும்போதெல்லாம், "ராணி, உடம்பு நல்லா இருக்குதா?" என்று கேட்பாள். ராணியம்மாள் என்பது அம்மாவின் பெயர்.

காலையில் கிணற்றடிக்குப் போனேன். கள்ளி வேலியில் அம்மாவின் பழைய புடவை காய்ந்தது. காற்று அதைத் தூக்கியது. அடியில் இன்னொரு துணி. கிழிந்த புடவைத் துண்டு. துவைத்தும் கறை போகவில்லை.

அந்தக் கறையை எனக்குத் தெரியும். செல்லியின் கடைசி நாளில் அப்படி ஒன்பது துணி பார்த்தேன்.

"என்னாத்தப் பாக்கறீங்க?"

அண்ணி பின்னால் நின்றாள். கையில் வாளி. அவள் பெயர் கருப்பி. அண்ணன் மாதப்பனுக்கு வாழ்க்கைப்பட்டு ஏழு வருஷம். குழந்தை இல்லை.

"இது யாருது?"

"ஆம்பளை கேக்கற கேள்வியா இது?"

"உங்களுதா?"

"என்னுது இல்லீங்க." பதில் மிக வேகமாக வந்தது. "எனக்கா இருந்தா நான் கொட்டாயில இல்ல ஒதுங்கி இருப்பேன்? இங்க நின்னு உங்களோட பேசுவனா?"

அப்படியானால் வீட்டில் இன்னொரு பெண்தான் இருக்கிறாள். நாங்கள் இரண்டு பேரும் அந்தப் பெயரைச் சொல்லவில்லை.

அண்ணி துணியை வேலியிலிருந்து உருவி வாளிக்குள் அமுக்கினாள். மேலே தண்ணீரை ஊற்றினாள். "சின்னக்கா இப்பதான் இந்தப் பக்கமா வந்துட்டுப் போனா. அவ பாக்கல. நானும் பாக்கல. நீங்களும் பாக்கல."

இரண்டு மாதமாக அம்மாவைப் பற்றிக் குத்திக் காட்டியவள் இன்று எதற்காக மறைக்கிறாள்? அதுவும் எனக்குப் பிடிபடவில்லை. அவள் முகம் வெளுத்திருந்தது. வாளியைத் தூக்கும்போது ஒரு கையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

முதலில் வாந்தி. பிறகு ஒளித்து வைத்த மாத்திரை. இப்போது ரத்தம். மூன்றையும் வரிசையாக வைத்தால் என்ன வரும் என்று தெரிய பி.ஏ. படிப்பு தேவையில்லை.

அம்மா உள்ளே புதுப்பானைக்கு மஞ்சள் பூசிக்கொண்டிருந்தாள். என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. நான் கேழ்வரகுப் பானைக்குள் கைவிட்டுத் துழாவினேன். சீசா இருந்தது.

காலி.

ஆறு நாளைக்கு முன் அதில் இருபதுக்குக் குறையாமல் மாத்திரை பார்த்தேன். சீசாவைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு காரிமங்கலத்துக்கு நடந்தேன். நான் வேலை பார்க்கும் பள்ளிக்கூடத்தைத் தாண்டித்தான் பஸ் நிற்கும் இடம். லீவு சொல்லவில்லை.

யுத்தம் வந்து பெட்ரோல் இல்லாமல் போன பிறகு எல்லாம் கரி பஸ். கண்டக்டர் பின்பக்க உலையில் கரியைக் கொட்டிக் காற்றடித்து முடிக்க முக்கால் மணி. மேட்டில் இரண்டு தடவை இறங்கித் தள்ளினோம். தள்ளும்போது சீசா நெஞ்சில் இடித்தது. அதன் மேல் ஒட்டியிருந்த சீட்டில் நீளமான ஒரு மருந்துப் பெயர் இருந்தது. ஸ்டில்பீஸ்ட்ரால். நான் கேள்விப்படாதது. அதன் கீழே இருந்த பெயரை நன்றாகத் தெரியும். லேடி டாக்டர் ராஜாமணி, தருமபுரி.

செல்லி இறந்த அந்தப் பிரசவத்தைப் பார்த்தவர். அந்த வீட்டுப் படியை அதற்குப் பிறகு நான் மிதிக்கவில்லை.

டாக்டர் என்னை உடனே அடையாளம் கண்டுகொண்டார். உட்காரச் சொன்னார். நான் நின்றுகொண்டே சீசாவை மேஜையில் வைத்தேன்.

"இது கலைக்கிற மருந்தா?"

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "யார் சொன்னது?"

"யாரும் சொல்லவில்லை. எங்கம்மாவுக்கு இதை எதற்குக் கொடுத்தீர்கள்?"

"உங்கம்மா எட்டு மாசமாகச் சரியாத் தூங்கலை. தெரியுமா உங்களுக்கு?"

தெரியாது.

"திடீர் திடீர்னு உடம்பு கொதிக்கும். மார்கழிக் குளிரில்கூட விடியறதுக்குள்ள இரண்டு தரம் தலையில் தண்ணி ஊத்திக்கிட்டாங்க. உலையில அரிசி போட மறந்து வெறும் தண்ணியைக் கொதிக்க விட்டாங்க. காரணமில்லாமல் அழுகை. ஒருநாள் கிணத்து மேட்டில் நின்னு உள்ளே எட்டிப் பார்த்ததாகச் சொன்னாங்க. அதையாவது உங்ககிட்ட சொன்னாங்களா?"

"செல்லி போன துக்கம் என்று நினைத்தேன்."

"எல்லாரும் அப்படித்தான் நினைப்பாங்க. அவங்களும் அப்படித்தான் நினைச்சாங்க." கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார். "பெண் உடம்பில் ஒரு சத்து ஊறும். ஹார்மோன்னு பேர். தூரம் நிக்கிற வயசுல அது வத்திப்போகும். சிலருக்குச் சத்தமில்லாம வத்தும். சிலருக்கு உடம்பையே உலுக்கிட்டுத்தான் வத்தும். அந்தச் சத்தை இப்போ சீமையில மாத்திரையாச் செய்யறாங்க. தினம் ஒண்ணு. முதல் வாரம் வாந்தி வரும். அப்புறம் பழகிடும். பழகிச்சு. தூங்கினாங்க. போன வெள்ளிக்கிழமைக்கு முந்தின வெள்ளி என்கிட்ட வந்து சிரிச்சாங்க."

அம்மா சிரித்து நான் பார்க்கவில்லை. பார்த்திருந்தும் கவனிக்கவில்லையோ என்னவோ.

"செல்லிக்கும் நல்ல மருந்து என்றுதான் சொன்னீர்கள்" என்றேன்.

"ஆமாம். சொன்னேன்."

அவர் பார்வையை விலக்கவில்லை. நான்தான் விலக்கினேன்.

"அம்மாவுக்கு ரத்தம் வருகிறது."

டாக்டர் சீசாவை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். "இது எப்படிக் காலி? இன்னும் மூணு வாரத்துக்கு இருக்கணுமே."

"ஒரேயடியாக விழுங்கியிருந்தால்? காலையில் பானைக்கு மஞ்சள் பூசிக்கொண்டுதான் இருந்தாள்."

"இவ்வளவையும் விழுங்கியிருந்தா வாந்தியில எழுந்திருக்கவே முடியாது. பானைக்கு மஞ்சள் பூசிக்கிட்டு இருக்க மாட்டாங்க. இது வேற. மாத்திரையைத் திடீர்னு நிறுத்தினா நாலைஞ்சு நாளில் ரத்தம் வரும். அது உண்மையான தூரம் இல்லை. மருந்து போனதால வர்றது. ஒரு வாரத்துல நின்னுடணும். நிக்கலைன்னா உடனே கூட்டிட்டு வாங்க. ஆனா அவங்க ஏன் நிறுத்தினாங்க? பொங்கல் முடியறவரைக்கும் ஒரு நாள்கூட விடாமச் சாப்பிடணும்னு சொல்லி அனுப்பினேன். பானை வைக்கணுமாமே. கை மேல அடிச்சுச் சத்தியம் பண்ணிட்டுப் போனாங்க."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார்.

"வீட்டுல வேற பொம்பளை யாரு?"

"அண்ணி."

"குழந்தை?"

"இல்லை. ஏழு வருஷமாக."

வெளியே ஒரு நோயாளி இருமினாள்.

"கேளுங்க. அந்தப் பொண்ணு இதை எடுத்திருந்தா அவளுக்கும் வாந்தி வரும். தலை முழுகுற நாள் தள்ளிப்போகும். உண்டாயிருக்கோம்னு நினைச்சுக்குவா. அனேகமா அது பிள்ளையா இருக்காது. மாத்திரைதான். மாத்திரை தீர்ந்த சில நாளில் ரத்தம் வரும். பிள்ளை கலைஞ்சதுன்னு அழுவா. போய் இன்னிக்கே சொல்லுங்க. எவ்வளவு நாள் நம்புறாளோ அவ்வளவு கஷ்டம்."

காலையில் அண்ணி வாயைப் பொத்திக்கொண்டது நினைவுக்கு வந்தது.

திரும்பும் பஸ்ஸில் ஒரு விஷயத்தைத்தான் யோசித்தேன். அம்மாவின் பெயர் சுத்தமானது. எனக்கு நிம்மதியாக இருந்திருக்க வேண்டும். இல்லை. சந்தேகம் ஆள் மாறி உட்கார்ந்திருந்தது. எடுத்தவள் அண்ணி என்றால், அம்மாவுக்கு அது தெரியாமல் இருந்திருக்குமா? நாலைந்து நாளாக மாத்திரை இல்லை. ஒரு வார்த்தைகூடக் கேட்காமல் ஏன் இருந்தாள்?

வீட்டுக்கு வரும்போது வெயில் இறங்கிவிட்டது. தம்பட்டச் சத்தம் கேட்டது. அம்மா குளித்து, மஞ்சள் புடவை கட்டி, பானையின் முன்னால் உட்கார்ந்திருந்தாள். காலையில் மஞ்சள் பூசியவள் இப்போது பானையைத் தொடவில்லை. ஒரு முழம் தள்ளியிருந்தாள்.

சீசாவை எடுத்து அவள் முன்னால் வைத்தேன்.

அம்மா அதைப் பார்த்தாள். "டாக்டரம்மா வூட்டுக்கா போன? அந்த வூட்டுக்கு நீ போவ மாட்டேன்னு இல்ல நெனச்சேன்."

"மாத்திரை எங்கம்மா?"

"எலி தின்னுடுச்சி."

"மூடி போட்ட சீசாவிலிருந்தா?"

"இந்த வூட்டு எலி மூடியும் தொறக்கும்."

அடுப்பங்கரையில் பாத்திரம் உருட்டும் சத்தம் நின்றது. அண்ணி அங்கே இருந்தாள்.

குரலைத் தாழ்த்தினேன். "அம்மா, இது தூரம் இல்லையாம். மருந்து நின்றதால் வருகிறதாம். டாக்டர் சொன்னார். நீ பானை வைக்கலாம். யாருக்கும் தெரியாது."

"எனக்குத் தெரியுமே, கண்ணு."

"இது வேற ரத்தம்மா."

"அம்மனுக்கு யாரு போயி சொல்றது? நீ சொல்றயா, டாக்டரம்மா சொல்லுவாங்களா?" அம்மா எழுந்தாள். "மழ இல்லாத வருசம். நான் வெச்சி, நாளைக்கி ஒரு புள்ளைக்கி அம்மை போட்டாலும் என் கையிதான்னு தோணும். தூங்காத மனுசி நான். இன்னொருக்கா தூங்காம கெடக்க என்னால ஆவாது."

"உடம்பு சரியில்லை என்று சொல்லேன்."

"சொல்லலாம். சின்னக்கா வேலியோரம் வந்துட்டுப் போனா. அவ பாத்தாளோ பாக்கலியோ. அவ சொல்லி ஊரு கேக்கறதுக்கு, நானே சொல்லிட்டுப் போறேன்."

கோயில் முன்னால் அறுபது எழுபது அடுப்பு தயாராக இருந்தது. எதிலும் தீ இல்லை. எல்லாரும் எங்கள் வீட்டுப் பானைக்காக நின்றார்கள். பானையை அண்ணன் சுமந்து வந்தான். அம்மா கோயில் எல்லைக் கல்லுக்கு இந்தப் பக்கமே நின்றுவிட்டாள்.

பூசாரி காளியன் கூப்பிட்டார். "ஏனுங்க, அங்கயே நின்னுட்டீங்க? நேரமாவுது, வாங்க."

"நான் வர முடியாதுங்க. தூரமா இருக்கேன்."

தம்பட்டம் அடிப்பவன் கை நின்றது.

"நின்னுபோச்சுன்னு இல்ல சொன்ன?" இது சின்னக்கா. அவள் முன்வரிசையில் நின்றாள். தலைக்கு எண்ணெய் வைத்துச் சீவி, புதுப்புடவை கட்டித் தயாராக வந்திருந்தாள். அப்போதுதான் அதைக் கவனித்தேன்.

"நின்னுதான் இருந்துது. வந்துடுச்சி."

"அது எப்படிடி வரும்? ராஜப்பன் தங்கவயல்ல இல்ல இருக்காரு?"

பெண்கள் பக்கத்தில் யாரோ சிரித்தார்கள். அண்ணன் தலை குனிந்தான். நான் ஒரு அடி முன்னால் வைத்தேன். அம்மா கையை நீட்டித் தடுத்தாள்.

"மருந்து சாப்புட்டேன், சின்னக்கா. உடம்பு கொதிக்கிதுன்னு தருமபுரி லேடி டாக்டர் குடுத்தாங்க. மருந்து நின்னதும் தூரம் வந்துடுச்சி. உனக்கும் கொதிக்கிதுன்னு நாலு வருசமா விசிறியோட திரியறியே, வெள்ளிக்கெழம வா, உன்னையும் கூட்டிட்டுப் போறேன். பானைய நீ வெய்யி. நல்லா பொங்கட்டும்."

சின்னக்கா கையில் விசிறி இருந்தது. அவள் அதை மடியில் செருகினாள். இந்தத் தடவை சிரித்தவர்கள் வேறு ஆட்கள்.

அண்ணன் பானையை எல்லைக் கல்லின் மேல் வைத்தான். சின்னக்கா வந்து எடுத்துக்கொண்டாள். அவ்வளவுதான். எத்தனை தலைமுறையாக எங்கள் வீட்டில் இருந்தது என்று எனக்குத் தெரியாது. போவதற்கு ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை.

குலவை எழுந்தபோது அம்மாவும் நானும் பாதி வழி வந்துவிட்டோம். அம்மா திரும்பிப் பார்க்கவில்லை. கொஞ்ச தூரம் போனதும் தானாகப் பேசினாள்.

"வெசாழக்கெழம உங்கண்ணி கேழ்வரகுப் பானைக்குள்ள கைய வுட்டா. நான் கொல்லப்பக்கமிருந்து பாத்துட்டுத்தான் இருந்தேன். அதுக்கு முன்னாடியும் ஒண்ணொண்ணா எடுத்துட்டுத்தான் இருந்திருக்கறா. அன்னிக்கி மொத்தமா முந்தானையில கொட்டிக்கினா."

"பார்த்தும் ஏன் விட்டாய்?"

"ஏழு வருசமா ஊரு அவள என்னென்னா பேசுது. நானும் பேசியிருக்கறேன். என்னுது வத்தின கெணறு. அதுலயே தண்ணி ஊற வெச்ச மாத்திரடா அது. அவளுது வத்தாத கெணறு. அவளுக்கு வேல செய்யாதா?"

நான் நடப்பதை நிறுத்தவில்லை. கால் தானாக நடந்தது.

"மாத்திர நின்னா ரத்தம் வரும்னு டாக்டரம்மா சொல்லித்தான் இருந்தாங்க. பொங்கல் வரைக்கும் தாங்கும்னு நெனச்சேன். தாங்கல. போவட்டும், பானதான?" அம்மா என் முழங்கையைப் பிடித்தாள். வெகுநாளாக அவள் என்னைத் தொட்டதில்லை. "உங்கண்ணி முழுவாம இருக்கறா, மாதேசு. பன்னெண்டு நாளு தள்ளிப்போச்சி. காலைல வாந்தி. என்கிட்ட இன்னும் சொல்லல. நானும் தெரியாத மாதிரி இருக்கறேன்."

அவள் முகத்தைப் பார்த்தேன். டாக்டர் சொன்ன சிரிப்பு அதில் இருந்தது.

"டாக்டரம்மா வேற என்னா சொன்னாங்க?"

கேட்டுவிட்டுக் காத்திருந்தாள். பின்னால் கோயிலில் அடுப்புகள் ஒவ்வொன்றாகப் பற்றிக்கொண்டன.

"வேறு ஒன்றும் சொல்லவில்லை" என்றேன்.

வீட்டில் அண்ணி விளக்கேற்றியிருந்தாள். கோயிலுக்கு வரவில்லை. தலைசுற்றல் என்று அண்ணனிடம் சொல்லியிருந்தாள். அம்மா கால் கழுவக் கிணற்றடிக்குப் போனதும் என் அருகே வந்தாள். முந்தானையிலிருந்து ஒரு மஞ்சள் டப்பாவை எடுத்தாள்.

"திட்டாதீங்க. அத்தை வாந்தி எடுத்ததப் பாத்து, புள்ள உண்டாக்கற மருந்துன்னு நெனச்சுத்தான் எடுத்தேன். அத்தையோட பானை போனது என்னாலதான். தெரியும். அந்தத் துணியப் பாத்ததும் தெரிஞ்சிடுச்சி. அத்தை கால்ல வுழுந்து சொல்லிடறேன். இன்னும் ஒரு மாசம் போவட்டும், வயித்துல தங்கினது நெசந்தான்னு ஆவட்டும், அப்பறமா சொல்றேன்." டப்பாவைத் திறந்து காட்டினாள். "நடுவுல வுட்டா கலைஞ்சிடுமோன்னு பயந்து ரெண்டு ரெண்டா போட்டுக்கினேன். தீந்துபோவுது. நீங்க வெள்ளிக்கெழம தருமபுரி போயி இன்னொரு சீசா வாங்கித் தருவீங்களா, தம்பி?"

ஏழு வருஷத்தில் அவள் என்னைத் தம்பி என்று கூப்பிட்டதில்லை.

டப்பாவுக்குள் பார்த்தேன். ஆறு மாத்திரை. இன்று இரண்டு, நாளை இரண்டு, வியாழக்கிழமை இரண்டு.

"போகிறேன்" என்றேன்.